கொழுந்தா, முற்றின இலையா?

சென்ற ஆண்டு மாடித் தொட்டியில் இருந்த செம்பருத்தி வெளிறத் தொடங்கியது. செடி வாங்கிய நாற்றுப் பண்ணைப் பெரியவருக்குப் போன் செய்து, "ஐயா, இலையெல்லாம் மஞ்சளாகுதுங்க" என்றேன்.

"எந்த இலைம்மா? கொழுந்தா, முத்தின இலையா? முழுசும் மஞ்சளா, இல்ல நரம்பு மட்டும் பச்சையா நிக்குதா?" என்று கேட்டார்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கொழுந்துகள்தான். நரம்புகள் பச்சை வலைபோல நிற்க, நடுவில் மஞ்சள் பூத்திருந்தது.

"அப்ப இரும்புச் சத்துக் குறைவும்மா. அடியிலை முழுசா மஞ்சளாகியிருந்தா தழைச்சத்து பத்தலைன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தழைச்சத்து போதாதபோது, செடி அதை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலை முதலில் வாடும். இரும்புச் சத்தை அப்படி எளிதில் இடம் மாற்ற முடியாது. குறை கொழுந்தில்தான் தெரியும். கொழுந்து என்ற ஒரு சொல்லில் மருந்தே மாறிவிட்டது.

அன்றிலிருந்து செடிகளைச் சரியான சொல்லோடு பார்க்கப் பழகினேன். சமையலுக்குக் கிள்ளும் ஓர் இணுக்குக் கறிவேப்பிலையில் பத்துப் பதினைந்து இலைகள் இருப்பதாக எண்ணியிருந்தேன். தாவரவியல் கணக்கில் அந்த இணுக்கு முழுவதும் ஒரே இலை, கூட்டிலை. நாம் இலை என்பவை அதன் சிற்றிலைகள். காம்பு தண்டோடு சேரும் இடுக்கைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே கோணமொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது.

வாசலில் படரும் காகிதப்பூவும் அப்படித்தான். கண்ணைப் பறிக்கும் அந்த நிறம் இதழ்களுடையது அல்ல, பூவடிச் செதில்களுடையது. உண்மையான பூ அதன் நடுவே வெளிர்நிறக் குழல்போலச் சிறிதாக நிற்கிறது. வாழைப்பூவை ஆயும்போது நாம் உரித்துப் போடும் சிவந்த மடல்களும் பூவடிச் செதில்களே.

இந்தப் பார்வை நமக்குப் புதியதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு ஆகியவற்றைப் புல்லின் உறுப்புகளாகவும், தளிர், சினை, அரும்பு, நனை ஆகியவற்றை மரத்தின் உறுப்புகளாகவும் வரிசைப்படுத்துகிறது. ஓங்கி வளர்ந்த பனையை இன்றைய தாவரவியலும் வேம்போடு சேர்ப்பதில்லை; புல்லைப்போல ஒருவித்திலைத் தாவரம் என்றே சொல்கிறது. சுவீடனின் லின்னேயஸ் 1751-இல் செடிகளை விவரிக்கும் கலைச்சொற்களை வகுத்து நூலாக்கினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தண்டின் உள்ளும் புறமும் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள்.

மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல் என்று பிஞ்சுக்கே மரத்துக்கு மரம் பெயர் வைத்த மொழி இது. எல்லாவற்றையும் 'இலை', 'பூ', 'காய்' என்று மூன்று சொற்களில் முடித்துக்கொள்வது நமக்கு இழப்பு, செடிக்கும் இழப்பு.

வீட்டில் ஒரு தொட்டிச் செடி இருந்தாலும் போதும். பிள்ளைகளை அதன் பக்கத்தில் உட்காரவைத்து, கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.