மேலே வரும்போதுதான் கவனம்!

அம்பத்தூர்வாசிகளான எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி. ஆவடிப் பக்கம் போனால் பருத்திப்பட்டு ஏரி, அங்கே படகுச் சவாரிகூட உண்டு. பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து மெரினா. காலை நனைத்து, சுண்டல் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு. எங்களுக்கும் கடலுக்கும் அவ்வளவுதான் உறவு.

அப்படி இருக்க, திருமுல்லைவாயலில் இருக்கும் என் அண்ணன் மகள் ஒருநாள், "அத்தை, மே மாச லீவுல பாண்டிச்சேரி போய் ஸ்கூபா டைவிங் பண்ணப் போறேன். நீங்களும் வாங்களேன்!" என்றாள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி மீன்களோடு நீந்துவது! பெண்ணுக்கு வயது 19. நீச்சல் நன்றாகத் தெரியும். அண்ணிக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. "ஏண்டி, சுறா கிறா வந்தா என்னடி பண்ணுவே?" என்று ஒரு வாரம் இதே கேள்விதான். கடைசியில், நான் கூடப் போவதென்றால் சரி என்று உத்தரவு கிடைத்தது. அப்புறம் மனசு கேட்காமல் அண்ணியும் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்!

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து பாண்டிச்சேரி போவது சிரமமே இல்லை. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் பட்டணத்து நெரிசலைப் பார்க்காமலே வண்டலூர் வந்துவிடுகிறது. அங்கிருந்து கேளம்பாக்கம், கோவளம். அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலைதான், கண்ணுக்குக் குளிர்ச்சியாக. வண்டி பூந்தமல்லியைத் தாண்டியபோது அண்ணன் சும்மா இராமல், "நம்ம செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பினாலே ஆழம் 24 அடிதான். இவ இறங்கப்போறது 40 அடி" என்று கணக்குச் சொன்னார். மாமல்லபுரம் வரும்வரை அண்ணி வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இருந்தோம். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடம். மீன் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வயிற்றை என்னவோ செய்தது. வரிசை வரிசையாகப் பெரிய விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். ஆனால் சின்ன பைபர் படகுகளுக்குத் தடை இல்லை. அவை ஆற்று முகத்துவாரத்தில் படபடவென்று போவதும் வருவதுமாக இருந்தன.

சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் முப்பது வயதுப் பிள்ளை. அண்ணி அவரையும் விடவில்லை. "தம்பி, சுறா இருக்கா?" என்று கேட்டே விட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "வர்ற அம்மா எல்லாரும் சுறாவைத்தான் கேக்கறாங்க. படகைப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கறதில்லைம்மா" என்றார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. படகில் போய்ப் படகில் திரும்பி வரும் ஆளுக்குப் படகால் என்ன ஆபத்து? அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டே பொறுமையாக விளக்கினார்.

கடலுக்கு அடியில் 40 அடி ஆழத்தில் இருக்கும்வரை படகு மேலே எங்கே போனாலும் கவலையில்லை. ஆபத்து, மேலே வருகிறபோதுதான். அதிலும் கடைசிப் பத்தடி. சட்டென்று வந்துவிடவும் முடியாது. கோலி சோடாவை ஒரே குத்தில் உடைத்தால் பொங்கி வழிகிறதல்லவா? ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கலந்து இருக்கும். அவசரமாக ஏறினால் அது அப்படித்தான் குமிழியிடும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினாலோ இன்னும் மோசம். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு பங்காக விரியும். அதனால் நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் மெல்ல ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று, அப்புறம்தான் வெளியே தலை நீட்ட வேண்டும். படகு வருகிறது என்று தெரிந்தாலும் பதறி ஓடக்கூடாத இடம் அது.

"சத்தம் கேக்காதா தம்பி?" என்றேன்.

கேட்குமாம். நன்றாகவே கேட்குமாம். ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது! தண்ணீருக்குள் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது. காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகம். இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுவதால் இடமா வலமா என்று மூளைக்குப் பிடிபடுவதில்லை. தலைக்கு மேலேயே இன்ஜின் ஓடுவது போல இருக்குமாம். பார்த்தால் படகு எங்கோ இருக்கும். எங்கோ இருப்பது போலத் தோன்றும் படகு பக்கத்தில் வந்துவிடும்.

அம்பத்தூரில் தண்டவாளத்தை அவசரத்துக்குக் குறுக்கே கடப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோமே, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது. ரயில் வரும் சத்தம் கேட்கும். எந்த லைனில், எந்தத் திசையில் என்று தெரியாமல் நடுவில் திகைத்து நிற்பார்கள். மின்சார ரயில் போய்விட்டதே என்று காலை வைத்தால் அதன் மறைவில் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருக்கும். அதே கதைதான் கடலிலும். தண்டவாளமாவது ஓர் இடத்தில் இருக்கிறது. படகுக்கு எங்கும் வழி.

படகோட்டி பார்த்து ஒதுங்க மாட்டாரா? வேகம் எடுத்த படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பின்னால் இருப்பவருக்கு முன்னால் கொஞ்ச தூரம் தெரியவே தெரியாது. தண்ணீருக்கு மேலே தெரிவதோ ஒரு தேங்காய் அளவு தலை. அலை வேறு. எதிர்வெயில் வேறு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் படகு 10 மீட்டரைக் கடக்க இரண்டு விநாடிகூட ஆகாது.

கரையிலிருந்து போய் நங்கூரம் போட்டதும் படகுக்காரர் முதல் வேலையாக இரண்டு கொடிகளைக் கட்டினார். ஒன்று சிவப்பில் குறுக்கே சாய்வாக வெள்ளைப் பட்டை. இன்னொன்று பாதி வெள்ளை, பாதி நீலம், ஓரத்தில் வெட்டுவிட்டது. இரண்டாவதற்கு ஆல்ஃபா கொடி என்று பெயர். 'இங்கே ஆள் தண்ணீருக்குள் இருக்கிறார், விலகி மெதுவாகப் போங்கள்' என்று அர்த்தம். 1972-ல் வந்த சர்வதேசக் கப்பல் விதிகளிலேயே, சின்னப் படகிலிருந்து ஆள் மூழ்கும்போது இதை ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் விறைப்பான தகட்டுப் பலகையாக வைக்க வேண்டும் என்று இருக்கிறது. துணியாக இருந்தால் காற்றில்லாத நேரத்தில் துவண்டு விழுந்து, காயப்போட்ட துண்டு போல ஆகிவிடும் அல்லவா!

பெண் முதுகில் சிலிண்டரோடு பின்புறமாகச் சாய்ந்து தொப்பென்று விழுந்தாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். நான் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதம் கொதிக்கிறமாதிரி ஓர் இடத்தில் வந்துகொண்டே இருந்தன. அது வருகிறவரை நம் பிள்ளை சௌக்கியம்!

அரைமணி ஆகியிருக்கும். தெற்கே ஒரு பைபர் படகு எங்களை நோக்கி வந்தது. ஒருவர் பின்னால் இன்ஜினைப் பிடித்திருந்தார். இன்னொருவர் குனிந்து வலையிலிருந்து மீன் உருவிக்கொண்டிருந்தார். இருவருமே எங்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதே நேரம் எங்களுக்கு முப்பதடி தள்ளி ஆள் உயரத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் நீளமான பலூன் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நிமிர்ந்தது. கீழே மூன்று நிமிஷம் நிற்கும்போதே மாஸ்டர் காற்றடைத்து அனுப்பும் அடையாளம் அது. 'இதோ இங்கேதான் வரப்போகிறோம்' என்று சொல்லாமல் சொல்வது.

எங்கள் படகுக்காரர் விசிலை ஊதினார். சிவப்புத் துண்டை எடுத்துச் சுழற்றினார். "அண்ணே, கீழே ஆள் இருக்கு! தள்ளிப் போ, தள்ளிப் போ!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அண்ணியும் புடவைத் தலைப்பை வீசிக் கத்தினார். அவருடைய குரல் சமையலறையிலிருந்து தெருமுனை வரை கேட்கக்கூடியது. அன்றைக்குத்தான் அதற்குப் பிரயோஜனம்! பைபர் படகு சத்தம் அடங்கி, வளைந்து, ஒதுங்கிப் போனது. வலைக்காரர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் பலூனுக்குப் பக்கத்தில் இரண்டு தலைகள் தெரிந்தன. முதலில் மேலே உயர்த்திய கை, அப்புறம்தான் தலை. சுற்றி நாலு பக்கமும் பார்த்தார்கள். எங்கள் படகின் இன்ஜினோ அசைவே இல்லாமல் அணைந்து கிடந்தது; ஏணியில் கடைசி ஆள் ஏறும்வரை அதைத் தொடக்கூடாது என்பது அங்கே கட்டளை. காரணம், அடியில் சுழலும் விசிறி.

அந்த மீனவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது அவர்கள் தினசரி போகும் பாதை. பொழுதுபோக்குக்குப் போனவர்கள் நாம்தான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு ஒரு தாயின் கதை இருக்கிறது. கிர்ஸ்டி மக்கால் என்று இங்கிலாந்தில் பெயர்பெற்ற பாடகி. 1987-ல் அவர் குரல் கொடுத்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு இன்றும் டிசம்பர் மாதத்தில் அங்கே ஒலிக்காத இடம் இல்லை. 2000-ஆம் வருஷம் டிசம்பர் 18. மெக்சிகோ நாட்டின் கோசுமெல் தீவில் தம் இரண்டு மகன்களோடு பவளப்பாறை பார்க்க மூழ்கினார். படகுகள் வரக்கூடாது என்று ஒதுக்கிய பகுதி அது. எல்லோரும் மேலே வந்து தலை நீட்டிய அந்த நிமிஷம், ஒரு வேகப்படகு பாய்ந்து வந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அம்மா பார்த்துவிட்டார். வழியில் இருந்த 15 வயதுப் பையனைத் தள்ளிவிட்டார். அவன் சின்னக் காயங்களோடு பிழைத்தான். படகு அம்மாவின் மேல் ஏறியது. அங்கேயே உயிர் போய்விட்டது. வயது 41.

படகை ஓட்டியதாக ஒப்புக்கொண்டவருக்கு 2 வருஷம் 10 மாதம் தண்டனை. ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி அபராதம் கட்டி வெளியே வந்துவிடலாம். அபராதம் 1,034 பெசோ. சுமார் 90 டாலர்தான் என்கிறார்கள். கிர்ஸ்டியின் வயதான தாயார் ஜீன் மக்கால் நியாயம் கேட்டு 2009 வரை போராடினார். பெற்ற வயிறு ஓயுமா?

நம் ஊரில் கடலுக்குள் மூழ்குவது புதிதல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961 வரை நடந்தது. சிலிண்டர் ஏது அப்போது? கல்லைக் காலில் கோத்து, கயிற்றோடு இறங்கி, அடக்கிய மூச்சில் சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை ஆட்டுவார்கள்; மேலே இருப்பவர் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்களாம். தங்கை தாலி அறுவதைப் பொறுப்பானா? அதனால் கண்ணிமைக்காமல் பார்ப்பான் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் பெண்களே முகக்கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்குகிறார்கள். நம் அண்ணியிடம் இதைச் சொன்னதும், "அவங்க வயித்துப் பாட்டுக்கு இறங்கறாங்க, இவ காசு குடுத்துல்ல இறங்கறா!" என்றார்.

ஆக, மேலே பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது பழைய கணக்குதான். கோடை விடுமுறைக்கு அந்தமான், கோவளம், பாண்டி என்று போகிற குடும்பங்கள் இப்போது அதிகம். பத்து வயது நிறைந்த குழந்தைகளையே ஆசிரியரோடு 12 மீட்டர் வரை இறக்குகிறார்கள். பணம் கட்டுமுன் கூச்சப்படாமல் கேளுங்கள். எல்லோரும் உள்ளே போனபின் படகில் யார் இருப்பார்? அவர் வேறு சவாரி ஏற்றப் போய்விடுவாரா? கொடி எங்கே, காட்டுங்கள். ஆரஞ்சு பலூன் ஒவ்வொரு ஆசிரியரிடமும் உண்டா? ஸ்பீடு போட்டும் தண்ணீர் ஸ்கூட்டரும் ஓடுகிற இடத்திலேயே இறக்குகிறீர்களா? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்பவரிடம் நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். குழந்தையிடமும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள்: மேலே வரும்போது அண்ணாந்து பார்த்து, கையை உயர்த்தி, ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே வரவேண்டும், மேலே வந்தபின் நம் படகை விட்டு விலகி நீந்தக்கூடாது.

திரும்பும்போது துறைமுகத்தில் ஓர் அம்மாள் நெத்திலி கூறு கட்டிக்கொண்டிருந்தார். அந்த நீல வெள்ளைக் கொடியைப் பற்றிக் கேட்டேன். "பார்த்திருக்கோம்மா. ஏதோ கம்பெனிக் கொடின்னு நினைச்சோம்" என்றார். மாஸ்டர் அங்கேயே உட்கார்ந்து அவர் மகனுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தார். பையன் தலையாட்டிவிட்டு, "ஜூன் பதினஞ்சுக்கு அப்புறம் லாஞ்சு எல்லாம் இறங்கிடும் அண்ணே, அவங்ககிட்டயும் சொல்லி வையுங்க" என்றான். எங்கள் பெண் அடுத்த தடவை முழுப் பயிற்சிக்கே வரப்போவதாக அறிவித்துவிட்டாள். அண்ணி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் பங்கை எங்கள் படகுக்காரருக்குக் கொடுத்தார்.