கையைப் புண்ணாக்காத பிடி

இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்ட விடயம் மிகச் சிறியது. ஒரு மண்வெட்டிப் பிடியை எப்படி வழுவழுப்பாக வைத்திருப்பது என்பதே அது. இதற்கும் ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தச் சிறிய விடயம் தெரியாத காரணத்தால் ஒன்பது பெண்களுக்கு நான் அநியாயம் செய்திருக்கிறேன். அவர்களுள் இருவருக்குச் செய்ததை என்னால் சரிசெய்ய முடியாமலே போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அது 2014 ஆம் ஆண்டு. சமூகவியல் பட்டத்துடன் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கிளிநொச்சி மாவட்டத்தில் மக்கள் மீளக் குடியேறியிருந்த ஒரு கிராமத்தை எனது பொறுப்பில் தந்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் அங்குள்ள 25 பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி வழங்கினோம். ஆளுக்கொரு மண்வெட்டி, ஒரு கத்தி, ஒரு வாளி, கொஞ்சம் விதை. மண்வெட்டிகள் பிடி போட்டே வந்திருந்தன. பிடிகளுக்கு மஞ்சள் நிற வார்னிஷ் பூசப்பட்டு, பார்க்க அழகாக இருந்தன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தின் முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துப் புகைப்படமும் எடுத்தோம்.

இரண்டு மாதம் கழித்துக் கண்காணிப்புப் படிவத்துடன் வீடு வீடாகப் போனேன். ‘பயன்படுத்துகிறார்’, ‘பயன்படுத்தவில்லை’ என்று இரண்டு கூடுகள். பக்கத்தில் காரணம் எழுத ஒரு கோடு. ஒன்பது வீடுகளில் மண்வெட்டி புதிதாகவே சுவரில் சாய்ந்திருந்தது. “ஏன் இன்னும் தொடவில்லை?” என்று கேட்டேன். “இனித்தான் மிஸ்”, “மழை வரட்டும் மிஸ்”, “உடம்பு சரியில்லை மிஸ்” என்றார்கள். நான் காரணம் என்ற கோட்டில் ‘ஆர்வம் குறைவு’ என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களை வைத்து, அடுத்த கட்டமாக வழங்கவிருந்த முட்கம்பி வேலியும் தண்ணீர்ப் பம்பும் அந்த ஒன்பது பேருக்கு வேண்டாம் என்று நானே பரிந்துரையும் செய்தேன்.

படிவத்தைக் கொடுத்துவிட்டு, விடுபட்டிருந்த ஒரு வீட்டுக்கு மறுநாள் போனேன். அந்த அக்கா தோட்டத்தில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் 2009 இல் காணாமற்போனவர். இரண்டு பிள்ளைகள். அவர் கையிலிருந்த மண்வெட்டியின் பிடி கடும் மண்ணிறத்தில், எண்ணெய் தடவிய தலைபோல மினுங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, நாங்கள் தந்த பிடியை மாற்றிவிட்டீர்களா?” என்று கேட்டேன்.

“இல்ல மிஸ், நீங்க தந்ததுதான். பிடிச்சுப் பாருங்க” என்று நீட்டினார்.

பிடித்துப் பார்த்தேன். வழுவழுவென்று கைக்குள் ஓடியது. ஆனால் வழுக்கவில்லை. அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பி அவர்களுடைய மண்வெட்டியை எடுத்துவரச் சொன்னார். அதையும் பிடித்துப் பார்த்தேன். வார்னிஷ் செதில் செதிலாகக் கழன்றிருந்தது. அதன் கீழே மரம் சிலும்பு சிலும்பாக நின்றது. மண்வெட்டியின் பின்னாலேயே அதற்குரிய பெண்ணும் வந்துவிட்டார். அவர் நான் ‘ஆர்வம் குறைவு’ என்று எழுதிய ஒன்பது பேரில் ஒருவர்.

“கையைக் காட்டு” என்றார் அக்கா.

அவர் காட்டத் தயங்கினார். பிறகு விரித்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, ஒரு இடத்தில் சீழ் வைத்திருந்தது. நாங்கள் தந்த மண்வெட்டியோடு ஒரு நாள் கூலிக்கு வரம்பு கட்டப் போயிருக்கிறார். அடுத்த நான்கு நாள் எந்த வேலைக்கும் போக முடியவில்லை. அதன் பிறகே மண்வெட்டியைச் சுவரில் சாய்த்திருக்கிறார்.

“இதை ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

அவர் பேசவில்லை. அக்காதான் சொன்னார்: “கோவிக்காதீங்க மிஸ். தந்த சாமானைக் குறை சொன்னா அடுத்த உதவி வராது என்று பயம்.”

பல்கலைக்கழகத்தில் கேள்வி கேட்பது எப்படி, பதிலைக் குறித்துக்கொள்வது எப்படி என்றெல்லாம் எனக்குப் படிப்பித்திருந்தார்கள். கேள்வி கேட்பதற்கு முன்னால் கையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று வெயில் சாயும்வரை அந்த அக்காவின் திண்ணையில் இருந்தேன். அவருக்கு இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சொன்ன கதை எனக்குப் புதிது.

அவருடைய அப்பா மலையகத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரத் துரைமாருக்காக அங்கே கட்டப்பட்ட கிளப்புகளில் பில்லியட்ஸ் விளையாடவென்று தனி அறை இருக்கும். நுவரெலியாவில் 1876 இல் தொடங்கிய ஹில் கிளப் அவற்றுள் பெயர்பெற்றது. அக்காவின் அப்பா வேறொரு சிறிய கிளப்பில் மார்க்கராக இருந்தார். மார்க்கர் என்றால் ஆட்டத்தின் புள்ளிகளை எண்ணிச் சொல்பவர். மேசையில் விரித்த பச்சைத் துணியைத் துலக்குவதும், பந்தைத் தள்ளும் கியூ என்ற நீண்ட தடிகளைப் பராமரிப்பதும் அவருடைய வேலைதான். 1973 இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் இலங்கையின் எம்.ஜே.எம். லாபிர் வெற்றி பெற்றதை, தானே வென்றதுபோலப் பிள்ளைகளுக்குச் சொல்லுவாராம். 1977 ஆம் ஆண்டு வன்செயலில் அடிபட்டு, பல தோட்டக் குடும்பங்களைப்போல அவரும் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார். கியூ பிடித்த கை மண்வெட்டி பிடித்தது. பராமரிக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

கியூ ஏறக்குறைய ஐந்தடி நீளமான தடி. ஒரு கை அதன் பின்பக்கத்தைப் பிடித்திருக்கும். மற்றக் கை மேசையில் ஊன்றியிருக்க, அந்தக் கையின் விரல்களுக்கு மேலால் தடி முன்னும் பின்னும் ஓடவேண்டும். வியர்வையும் நுனியில் பூசும் சோக்கின் தூளும் சேர்ந்து மரத்தின் நுண்துளைகளில் அடைந்துவிட்டால் தடி ஒட்டத் தொடங்கும். மயிரளவு ஒட்டினாலும் பந்து வேறு பக்கம் போய்விடும். அதனால் ஒவ்வொரு நாள் ஆட்டமும் முடிந்த பின் அவர் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் தடியைத் துடைப்பார். உடனேயே காய்ந்த துணியால் ஈரத்தை எடுப்பார். பிறகு ஒரு தோல்துண்டைச் சுற்றிப் பிடித்து, தடி சூடாகும்வரை வேகமாகத் தேய்ப்பார். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் மேலெழுந்த நார்கள் படிந்து, மரம் கண்ணாடிபோல வந்துவிடும்.

சிலர் முகப்பவுடரைப் பூசிவிட்டுச் சுலபமாக ஓடுகிறது என்பார்களாம். அது கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு அந்தப் பவுடரே வியர்வையோடு குழைந்து அழுக்காகும். சாண்ட் பேப்பரையும் அவர் கண்டபடி தொடமாட்டார். “ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் தடியில் கொஞ்சம் போகுது. போனது திரும்பி வராது” என்பது அவருடைய பேச்சு. தடியை வெயிலிலோ ஈரத்திலோ விடமாட்டார். சுவரில் கண்டபடி சாய்க்கவும் மாட்டார். வளைந்த தடியை நிமிர்த்துவது கடினம்.

இன்னொன்றையும் அறிந்தேன். அந்தக் கியூக்கள் பெரும்பாலும் ஆஷ் அல்லது மேப்பிள் என்ற மரங்களில் செய்யப்பட்டவை. ஆஷ் மரம் ஐரோப்பாவில் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பிடிபோடும் மரமும்கூட. அடியைத் தாங்கும், எளிதில் முறியாது. துரையின் விளையாட்டுத் தடியும் கூலியாளின் ஆயுதப் பிடியும் ஒரே மரம்தான். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு விண்ணாங்குத் தடியைத் தேடுவார்கள்.

அக்கா எனக்குச் செய்துகாட்டிய முறையை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் மண்வெட்டி, கோடரி, உலக்கை, ஊன்றுகோல் எதுவாக இருந்தாலும் இதே முறைதான்.

முதலில் வார்னிஷைச் சுரண்டி எடுக்க வேண்டும். வார்னிஷ் பார்வைக்கு வழுவழுப்பு. வியர்வை பட்டதும் உள்ளங்கையைப் பிடித்து இழுக்கும். கொப்புளத்துக்கு அதுவே முதற் காரணம். அக்கா உடைந்த போத்தல் கண்ணாடியின் விளிம்பால் மரத்தின் ரேகை போகும் பக்கமாகவே சுரண்டினார். கண்ணாடியை வெறுங்கையால் பிடிக்காமல் தடித்த துணியால் சுற்றிப் பிடிக்க வேண்டும். சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அடுத்தது சாண்ட் பேப்பர். முதலில் 80 ஆம் இலக்கம், பிறகு 120, கடைசியாக 240. இலக்கம் கூடக்கூடத் தாள் மெதுவானது. இதுவும் ரேகையின் வழியாகத்தான். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

மூன்றாவதாக, பிடியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் காயவிட வேண்டும். காய்ந்ததும் தடவிப் பார்த்தால் மறுபடி சொரசொரப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம். நீர் பட்டால் படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை மெதுவான தாளால் இலேசாகத் தட்டிவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், பிறகு வியர்வை பட்டாலும் நார் அவ்வளவாக எழாது. நாங்கள் கொடுத்த பிடிகளில் யாரும் செய்யாமல் விட்ட வேலை இதுதான்.

நான்காவது எண்ணெய். ஹாட்வெயார் கடையில் லின்சீட் ஒயில் என்று கேளுங்கள். கிரிக்கெட் மட்டைக்குப் பூசுவார்களே, அதுதான். துணியில் தொட்டு மெல்லிதாகப் பூசி, கால்மணி நேரம் கழித்து மிஞ்சியதை முற்றாகத் துடைத்துவிட வேண்டும். ஒருநாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை பூசினால் போதும். இந்த எண்ணெய் மரத்துக்குள் ஊறி இறுகிக் காயும். தேங்காய் எண்ணெய் அப்படிக் காயாது. கையில் பிசுபிசுத்து, தூசியையும் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். லின்சீட் எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். கிடுகு வீட்டில் அது பெரிய ஆபத்து. துணியை வெளியே தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள்.

கடைசியாக, காய்ந்த பிடியைத் தோல்துண்டால் சூடேறத் தேய்ப்பது. அப்பாவின் தோல்துண்டு 2009 இல் கைவிட்டு வந்த பெட்டியோடு போய்விட்டதாம். அக்கா பழைய செருப்பொன்றின் தோலை வெட்டி வைத்திருக்கிறார்.

இவ்வளவும் ஒருமுறை செய்யும் வேலை. அதன் பின் தினமும் வேலை முடிந்ததும் மண்ணையும் வியர்வையையும் துடைத்து, கூரைக்குக் கீழே வைத்தால் போதும். சிலர் பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றுவார்கள். கையில் காயம்பட்டு விரல் மடங்காதவர்களுக்குப் பிடியைத் தடிப்பாக்க அது உதவும். ஆனால் அதற்குள் ஈரம் தங்கி மரம் உக்கும். இடைக்கிடை கழற்றிக் காயவிட வேண்டும். ஊன்றுகோல் பாவிப்பவர்களும் கை பிடிக்கும் குறுக்குக் கட்டையை இதேபோலச் செய்துகொள்ளலாம். பிடி அளவுக்கு மீறி வழுக்கினாலும் ஆபத்துத்தான். மண்வெட்டியில் ஒரு கை ஓட வேண்டும், ஒரு கை பிடித்து நிற்க வேண்டும். அதனால்தான் எண்ணெய் மேலே தங்கக் கூடாது, உள்ளே போக வேண்டும்.

மறுவாரமே சாண்ட் பேப்பரும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். சங்கக் கட்டடத்தில் அக்கா படிப்பித்தார். பெண்கள் எல்லோரும் தத்தம் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். நானும் ஒரு பிடியைத் தேய்த்தேன். முதல் அரைமணி நேரத்திலேயே என் கை சிவந்துவிட்டது. அவர்கள் சிரித்தார்கள். அந்தக் காலபோகத்தில் சுவரில் சாய்ந்திருந்த ஒன்பது மண்வெட்டியும் வயலுக்குப் போயின.

ஆனால் நான் எழுதிய படிவம் அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. திருத்தம் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. “முதலில் ஒன்று எழுதுகிறீர், பிறகு வேறொன்று எழுதுகிறீர்” என்றார். திரும்பத் திரும்பக் கேட்டதில் ஏழு பேருடைய பெயர்கள் மீண்டும் பட்டியலில் சேர்ந்தன. இரண்டு பேருடைய இடம் அதற்குள் வேறு கிராமத்துக்குப் போய்விட்டது. அந்த இருவருக்கும் வேலியும் இல்லை, பம்பும் இல்லை. அவர்களிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒருவர், “பரவாயில்லை மிஸ்” என்றார். மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார். அந்தத் தேநீரைக் குடித்து முடிப்பது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை.

சகோதரிகளே, உதவி என்று தருகிற பொருள் உங்கள் கையைப் புண்ணாக்கினால் அதைச் சொல்லுங்கள். சொல்வது நன்றிகெட்டதனம் அல்ல. என்னைப்போலப் படிவத்தோடு வருபவர்களுக்குப் பல நேரங்களில் தெரியாது. “இனித்தான் மிஸ்” என்று சொல்லி அனுப்பாமல், கையை விரித்துக் காட்டுங்கள். அந்த நாளுக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பிடியைத் தொட்டுப் பார்க்கிறேன். அதன் பிறகே பேனாவை எடுக்கிறேன்.