மூன்று நதிகளின் நகரில் ஆண்டு முழுதும் திருவிழா

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், அதன் மேற்குப் பகுதியில், குன்றுகளுக்கிடையே அமைந்த நகரம் பிட்ஸ்பர்க். வடக்கிலிருந்து வரும் அலிகெனி நதியும் தெற்கிலிருந்து வரும் மொனாங்கஹீலா நதியும் நகரின் நடுவே கலந்து, ஒஹையோ என்னும் பெயர் பெற்று மேற்கு நோக்கிச் செல்கின்றன. அந்தச் சங்கம முனையில் ஒரு பூங்கா உண்டு. அங்கே 150 அடி உயரம் எழும் நீரூற்றுக்கு ஆற்று நீர் பயன்படுவதில்லை. மண்ணுக்கு அடியில் ஓடும் நீரே மேலே வருகிறது. ஊர் மக்கள் அதனை நான்காம் நதி என்பர்.

கண்ணுக்குத் தெரியும் நதிகளோடு, மறைந்தோடும் நீரும் சேர்கிறது என்றதும் ஆஸ்திக உள்ளங்களுக்குப் பிரயாகை நினைவுக்கு வருவது இயல்பு. அந்நகரில் குடியேறிய இந்துக்களும் அவ்வாறே எண்ணினர். 1976-77ஆம் ஆண்டுகளில், நகரை அடுத்த பென் ஹில்ஸ் என்னும் குன்றுப் பகுதியில் ஸ்ரீவேங்கடேசப் பெருமாளுக்கு ஆலயம் எழுந்தது. அமெரிக்க மண்ணில் ஆகம முறைப்படி அமைந்த முதல் ஆலயங்களுள் இது ஒன்று. பத்மாவதித் தாயாரும் ஆண்டாளும் தனிச் சந்நிதிகளில் எழுந்தருள, மரங்கள் அடர்ந்த சரிவில் வெண்ணிற விமானத்தோடு எம்பெருமான் சேவை சாதிக்கிறார்.

பெருமாளுக்கு முன்பே அந்நகருக்குப் பல தெய்வத் திருநாட்கள் வந்துவிட்டன. ஒரு காலத்தில் எஃகு உருக்கிய ஊர் அது. ஆலை வேலைக்காக ஜெர்மானியர், போலந்தியர், ஸ்லோவாக்கியர், இத்தாலியர், உக்ரைனியர் எனப் பல நாட்டவர் வந்து குடியேறினர். ஒவ்வொருவரும் தத்தம் குலத்துப் புனிதர்களின் திருநாளையும் உடன் கொணர்ந்தனர். இன்றும் பிட்ஸ்பர்க்கின் ஆண்டுச் சக்கரம் அந்தத் திருநாட்களின் மீதே பெரும்பாலும் சுழல்கிறது.

குளிர் காலத்தின் நடுவே, பிப்ரவரி 2ஆம் நாள், நகருக்கு வடகிழக்கே உள்ள பங்க்ஸடானி என்னும் சிற்றூரில் ஒரு வேடிக்கை நிகழும். தரையில் வளை தோண்டி வாழும் குழிமுயல் போன்றதொரு பிராணியை விடியற்காலையில் வெளியே எடுப்பர். அது தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு வாரம் குளிர் நீடிக்கும். காணாவிட்டால் வசந்தம் விரைவில் வரும் என்பது நம்பிக்கை. 1887 முதல் அவ்வூரில் நடக்கும் இவ்விளையாட்டின் வேர், கிறிஸ்துமஸுக்கு நாற்பதாம் நாள் மெழுகுவர்த்திகளை மந்திரித்து ஏற்றும் பழைய தேவாலயத் திருநாளில் இருக்கிறது. ஜெர்மானியர் அதனைக் கடல் கடந்து எடுத்து வந்தனர். இன்று வேடிக்கையே மிஞ்சியிருக்கிறது; திருநாளை நினைப்பவர் சிலரே.

அதன் பின் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு வரும். அக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர் இறைச்சி உண்பதில்லை. ஆதலால் தேவாலயக் கூடங்களிலும் தீயணைப்பு நிலையக் கூடங்களிலும் மீன் உணவு விற்பர். அதனோடு, உருளைக்கிழங்கும் பாலாடைக் கட்டியும் பூரணமாக வைத்த பியரோகி என்னும் கொழுக்கட்டையும் கிடைக்கும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பாட்டிமார் கூடி அமர்ந்து கையால் மடித்த பண்டம் அது. அதனை விற்ற காசு பல தேவாலயங்களின் செலவுக்கு உதவியது.

ஈஸ்டர் நாளைக் குறிக்கும் முறை கவனிக்கத்தக்கது. வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளை அடுத்து வரும் பௌர்ணமியைப் பார்த்து, அதற்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமையைத் திருநாளாகக் கொள்வர். சூரியன், சந்திரன், வாரம் மூன்றையும் இணைத்து நாள் குறிக்கும் வழக்கம் மேல்நாட்டிலும் தொன்றுதொட்டு உண்டு என்பதற்கு இதுவே சான்று.

ஜூன் மாதத்தில் கலை விழா. 1960 முதல் நடைபெறும் இவ்விழாவில் ஓவியமும் சிற்பமும் இசையும் பொதுமக்கள் காண வைக்கப்படும். ஜூலை 4, நாட்டின் சுதந்திர நாளன்று, சங்கம முனையில் வாணவேடிக்கை. நவம்பரில் நகர மையம் முழுதும் விளக்கேற்றும் இரவு, அதனை அடுத்து நன்றி நவிலும் நாள், பின்னர் கிறிஸ்துமஸ்.

இந்த விழாக்களின் வரிசையில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டிராய் ஹில் என்னும் மேட்டில் புனித அந்தோணியாருக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. மருத்துவமும் கற்ற மோலிஞ்சர் என்னும் பாதிரியார் 1880களில் தம் சொந்தச் செல்வத்தால் கட்டியது அது. புனிதர்களின் நினைவுச் சின்னங்கள் 5,000க்கு மேல் அங்கே உள்ளன. அந்தோணியார் திருநாளான ஜூன் 13 அன்று, நோய் தீர வேண்டி ஆயிரக்கணக்கானோர் அம்மேட்டில் ஏறினர். 1892இல் அதே திருநாளில், விரிவாக்கப்பட்ட ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்துப் பாதிரியார் காலமானார். யாத்திரைப் பெருக்கும் பின்னர் தணிந்தது. ஆலயம் இன்றும் இருக்கிறது. அன்றைய கூட்டம் இல்லை.

எஃகு ஆலைகள் மூடியபோது நகரமே இளைத்தது. 1950இல் ஏறத்தாழ 6,76,000 பேர் வாழ்ந்த ஊரில், 2020இல் இருந்தவர் சுமார் 3,03,000 பேர். பிள்ளைகள் வேலை தேடி வேற்றூர் சென்றனர். பல தேவாலயங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, சில மூடப்பட்டன. தாத்தாவின் மொழி பேரனுக்குத் தெரியாத வீடுகளில் தாத்தாவின் திருநாளும் மெல்ல மறைந்தது. ஆயினும் மறையாதவையும் உண்டு. நகருக்கு வடமேற்கே, ஒஹையோ நதிக்கரையில் உள்ள ஆலிக்விப்பா பகுதியில், இத்தாலியத் தொழிலாளர் வழிவந்தோர் புனித ரோக்கோவின் திருவுருவத்தை ஆகஸ்ட் மாதத்தில் ஊர்வலமாக இன்றும் எடுத்து வருகின்றனர். திருநாள் ஆகஸ்ட் 16. விழாவோ அதனை ஒட்டிய வார இறுதியில். தொலைவில் வாழும் பேரப் பிள்ளைகளும் வந்து சேர இயலும் நாள் அது.

இதே வினா பென் ஹில்ஸ் ஆலயத்துக்கும் உண்டு. திதியைப் போற்றுவதா, அடியார் கூடும் நாளைப் போற்றுவதா?

திதி கணிப்பதிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. திதி தொடங்கும் கணம் உலகுக்கெல்லாம் ஒன்றே. ஆனால் விரத நாளை நிர்ணயிப்பது அவ்வவ்வூர்ச் சூரிய உதயம். பிட்ஸ்பர்க் கடிகாரம் இந்தியாவுக்குக் குளிர் காலத்தில் பத்தரை மணியும், கோடையில் ஒன்பதரை மணியும் பின்தங்கியது. மார்கழியில் ஏகாதசி சென்னையில் திங்கள் மாலை 4 மணிக்குத் தொடங்கிச் செவ்வாய் பிற்பகல் 3 மணிக்கு முடிவதாகக் கொள்வோம். சென்னையில் செவ்வாய்க்கிழமை உபவாசம். பிட்ஸ்பர்க்கில் திங்களன்று சூரியன் உதிக்கும்போது சென்னையில் அதே திங்கள் மாலை 6 மணி கடந்திருக்கும், ஏகாதசி பிறந்துவிட்டது. ஆகவே அங்கே திங்கட்கிழமையே உபவாசம். பிள்ளைகள் இல்லத்தில் தங்கச் செல்லும் பெரியோர், ஊர்ப் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பாமல் அவ்விடத்துக்கெனக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டுவது இதனாலேயே.

கூட்டத்தின் செய்தி வேறு. வாரநாளில் அலுவலகமும் பள்ளியும் திறந்திருக்கும். ஆகவே நித்திய ஆராதனையும் திதிக்குரிய பூஜையும் உரிய நாளிலேயே நடக்க, பலர் கூட வேண்டிய உற்சவங்களைச் சனி ஞாயிறுகளிலும், மே இறுதி, ஜூலை 4, செப்டம்பர்த் தொடக்கம் ஆகிய நீண்ட விடுமுறைகளிலும் அமைப்பது அந்நாட்டுக் கோயில்களில் வழக்கமாயிற்று. அப்போதும் பஞ்சாங்கத்தில் நல்ல நாளும் வேளையும் பார்த்த பின்பே நாள் குறிக்கப்படும். நாடு தன் சுதந்திரத்தைக் கொண்டாடும் வேளையில், குன்றின் மேல் பெருமாளுக்குத் திருமஞ்சனம் நடக்கும்.

இதனைக் குறை என்று சொல்லும் பெரியோர் உண்டு. அவர்களது வருத்தம் நியாயமானது. நாள் தவறினால் விரதம் பொருளிழக்கும். மறுபுறம், நாள் தவறாமல் நடந்தும் இளையோர் வராத திருவிழா என்னவாகும் என்பதற்கு டிராய் ஹில் மேடு விடை சொல்கிறது. சந்நிதிக்குள் திதி காக்கப்பட, பிராகாரத்தில் குழந்தைகள் நிறைய வேண்டும். ஒன்றைக் காத்து மற்றதை விடுவதற்கில்லை.

நாடும் ஓரடி எதிர்வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் பென்சில்வேனியா மாநிலம் தீபாவளியை அதிகாரபூர்வத் திருநாளாக ஏற்றுச் சட்டம் இயற்றியது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அதனால் கட்டாய விடுமுறை இல்லை. எனினும் எஃகு ஊருக்கு வந்த பல நாட்டவரின் திருநாட்களோடு தீப ஒளித் திருநாளும் மாநில நாட்காட்டியில் இடம்பெற்றுவிட்டது.

மார்கழியில் அங்கே சூரியன் உதிக்க ஏழரை மணி கடந்துவிடும். பல நாட்களில் வாசலில் பனி கிடக்கும். பேரன் பேத்தி இல்லத்தில் தங்கியிருக்கும் பெரியோர்க்கு அந்த நீண்ட இருள் ஒரு வரமே. பள்ளி வண்டி வருமுன் குழந்தையை அருகில் அமர்த்தி ஒரு பாசுரம் சொல்லிக் கொடுக்க நேரம் கிடைக்கும். சனிக்கிழமையன்று அதே குழந்தை ஆண்டாள் சந்நிதியில் நின்று அதனைச் சொல்லுமானால், அந்த ஆண்டின் திருவிழா நிறைவேறியது என்று கொள்ளலாம்.