ஒளித்து வைப்பது பூட்டு ஆகாது

வானொலி அறிவிப்பாளர் என்றால் ஒலிவாங்கிக்கு முன்னால் பேசுவதோடு வேலை முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாதக் கடைசியில் நாங்களும் கணக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை நேயர்கள் அழைத்தார்கள், எந்த மாநிலத்துக்காரர்கள், என்ன வயது, யாருக்குப் பரிசு போனது என்பதெல்லாம் ஓர் அறிக்கையாகித் தயாரிப்பாளர், விற்பனைப் பிரிவு, சில நேரம் விளம்பரதாரர் வரை போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓர் இடத்தில், அந்த அறிக்கையோடு நேயர்களின் முழு விவரமும் சேர்ந்தே போனது. பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், பரிசுப் பணம் அனுப்ப வங்கிக் கணக்கு எண், கடைசியில் ‘அழைத்த காரணம்’.

இரவு நேரக் குடும்ப நிகழ்ச்சிக்கு ஒரு பெண்மணி அழைத்திருந்தார். “தம்பி, என் பேர மாத்திச் சொல்லுங்க. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வம்பாயிடும்” என்று கேட்டுக்கொண்டார். அப்படியே செய்தோம். காற்றலையில் அவர் ‘ஒரு சகோதரி’தான். ஆனால் அறிக்கையில் அவருடைய எண்ணும், அவர் அழுதுகொண்டே சொன்ன காரணமும் அடுத்தடுத்து இருந்தன. விற்பனைப் பிரிவு நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “இது எங்க தாமான் அக்கா நம்பராச்சே!” என்றார். அவர் ஒன்றும் துருவிப் பார்க்கவில்லை. தெரிந்த எண் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அவர் அதை வெளியே யாரிடமும் சொல்லாதது அந்த அக்காவின் நல்ல நேரம்.

அடுத்த மாதம் அந்தப் பத்திகளை ‘மறைத்து’ அனுப்பினார்கள். பல அலுவலகங்கள் ஏமாந்து போவது இங்கேதான். எக்செலில் மறைத்த பத்தி கோப்புக்குள்ளேயேதான் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பத்திகளையும் தேர்ந்தெடுத்து வலது சொடுக்குச் சொடுக்கினால் திரும்ப வரவழைத்துவிடலாம். அறிக்கை தயாரிக்கப் பலரும் பயன்படுத்தும் பவர் பிஐ மென்பொருளிலும் பத்தியை மறைப்பது திரை பார்க்கச் சுத்தமாக இருக்கத்தான். வீட்டுச் சாவியை வாசல் மிதியடிக்குக் கீழே வைப்பது போன்றது அது.

பூட்டு வேறு. யார் எந்தப் பத்தியைப் பார்க்கலாம் என்று பொறுப்பு வாரியாக வரையறுக்கும் வசதி அதே மென்பொருளில் உண்டு. அனுமதி இல்லாதவருக்கு அந்தப் பத்தியின் பெயர்கூடத் தெரியாது. பினாங்குக் கிளைக்குப் பினாங்குக் கணக்கு மட்டும் தெரியும்படி வரிசைகளையும் கட்டுப்படுத்தலாம். ஆனால் இவையெல்லாம் பார்வையிட மட்டும் அனுமதி பெற்றவர்களுக்குத்தான். திருத்தும் உரிமை உள்ளவர்களை இந்தப் பூட்டு தடுக்காது. ‘வசதியாக இருக்கட்டும்’ என்று எல்லாருக்கும் திருத்தும் உரிமையைக் கொடுத்தால், பூட்டை வாங்கி மாட்டிவிட்டு ஆளுக்கொரு சாவி கொடுத்த கதைதான்.

நம் அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12 இலக்கம். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம். 08 என்றால் பேராக், 10 என்றால் சிலாங்கூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். நேயரின் வயது மட்டும் தேவைப்படும் ஒருவருக்கு இந்தப் பத்தியைத் திறந்துவிட்டால் பாதி ஜாதகமே கைக்குப் போய்விடுகிறது. வயதை மட்டும் தனிப் பத்தியாகக் கொடுத்தால் வேலை நடக்காதா?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2024இல் செய்த திருத்தத்தின்படி, அதன் அடிப்படை விதிகளை மீறும் நிறுவனத்துக்கான உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது. ஆனால் தாமானில் பரவிவிட்ட ஒரு குடும்ப விஷயத்தை எந்த அபராதமும் திரும்ப அள்ளித் தராது.

அலுவலகத்தில் அறிக்கை தயாரிக்கும் தம்பி தங்கைகளே, அனுப்பும் முன் ஒவ்வொரு பத்தியையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது இல்லாவிட்டால் வாங்குபவரின் வேலை நின்றுவிடுமா? நிற்காது என்றால் எடுத்துவிடுங்கள். உங்கள் சம்பளமும் மருத்துவ விடுப்புக்கான காரணமும்கூட இன்று ஏதோ ஓர் அறிக்கையில் ஒரு பத்தியாக இருக்கும். அதை யார் யார் பார்க்கலாம் என்று மனிதவளப் பிரிவிடம் கேட்பதில் தப்பே இல்லை.