எஸ்ட்டும் மோஸ்ட்டும்

ஆங்கில இலக்கணத்தின் டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன் பாடத்தில் உச்சத்தைக் காட்டும் விதி சுருக்கமானது: அசை ஒன்றென்றால் பெயரடையின் கடைசியில் எஸ்ட், மூன்றோ அதற்கு மேலோ போனால் முன்னால் மோஸ்ட். ஒரே வேலைக்கு ஒரு மொழி ஏன் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அதைத் தேடிப் போனபோது முதலில் புரிந்தது, இரண்டுக்கும் வயது வேறு என்பது. எஸ்ட்டின் வேர் ஆங்கிலத்தைவிடப் பழையது. சமஸ்கிருதத்தின் ஜ்யேஷ்ட, கனிஷ்ட ஆகியவற்றில் உள்ள விகுதியும் கிரேக்கத்தின் அரிஸ்டோஸில் உள்ள விகுதியும் அதன் உடன்பிறப்புகள். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ‘சிரேஷ்ட விரிவுரையாளர்’ என்கிறார்களே, அந்தச் சிரேஷ்டவும் இதே குடும்பம்தான். ஓல்டு என்பது எல்டெஸ்ட் ஆகும்போது உயிரொலி மாறுவதும் பழைய விகுதியில் இருந்த இகரத்தின் வேலை. முன்னிருந்த உயிரை மாற்றிவிட்டு அது தானும் எகரமாகத் தேய்ந்துவிட்டது.

மோஸ்ட்டை முன்னால் வைக்கும் வழக்கத்துக்குப் பலர் சொல்லும் காரணம் பிரெஞ்சு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிரெஞ்சில் ‘லெ ப்ளூ’ என்று தனிச்சொல்லைக் கொண்டே உச்சத்தைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் மோஸ்ட் பெருகுவதும் அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில்தான். காலம் பொருந்துகிறது என்றாலும் இந்த விளக்கத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. நார்மன்கள் வருவதற்கு முன்பே, வினையிலிருந்து பிறந்த அடைகளுக்கு முன்னால் மிகுதியைக் குறிக்கும் தனிச்சொல்லை வைப்பது பழைய ஆங்கிலத்தில் உண்டு. மோஸ்ட் ஏற்கும் நீண்ட சொற்களில் பெரும்பாலானவை பிரெஞ்சும் லத்தீனும் தந்தவைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நோபிள், ஜென்டில், சிம்பிள் ஆகியவையும் பிரெஞ்சு வழியே வந்தவை. அவை தயக்கமின்றி எஸ்ட் ஏற்கின்றன. சொல்லின் பிறப்பு தீர்மானித்திருந்தால் இப்படி நடந்திருக்காது. பிரெஞ்சு கொண்டுவந்தது நீளமான சொற்களை; அவற்றைச் சுமக்கும் வழியின் விதை உள்ளூரிலேயே இருந்தது என்பதே என் முடிவு.

அசைக் கணக்கு இறுகியதும் மிகப் பிந்தித்தான். 1667இல் வெளிவந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’டில் மில்டன் வர்ச்சுவஸ் என்ற நீண்ட சொல்லுக்கும் எஸ்ட் சேர்த்திருக்கிறார். ஷேக்ஸ்பியர் இரண்டையும் ஒரே சொல்லில் அடுக்கினார். 1640இல் அச்சான தம் இலக்கண நூலில் பென் ஜான்சன் அந்த அடுக்கை நயமென்றே பாராட்டினார். 1762இல் ராபர்ட் லோத்தின் இலக்கணம் அதைப் பிழை என்றது. அப்போதும் சங்கீதங்களின் பழைய மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறிக்கும் ‘மோஸ்ட் ஹையெஸ்ட்’டுக்கு மட்டும் தனி மதிப்புக் கொடுத்தார். இன்றும் ஜஸ்ட், ரியல் போன்ற ஓரசைச் சொற்கள் மோஸ்ட்டையே நாடுகின்றன. மோஸ்ட் உள்ளூரிலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு எனக்கு மிக வலுவாகப்படும் சான்று ஃபோர்மோஸ்ட். அதன் கடைசியில் இருப்பது உண்மையில் மோஸ்ட் அல்ல. பழைய வடிவம் ஃபோர்மெஸ்ட். ‘ஃபோர்மா’ என்ற, ஏற்கெனவே உச்சம் காட்டிய சொல்லின்மேல் இன்னொரு முறை எஸ்ட் ஏறியது. பேசியவர்கள் அந்த ‘மெஸ்ட்’டை மோஸ்ட் என்று கேட்டு அப்படியே மாற்றிவிட்டார்கள். உச்சம் என்றால் மோஸ்ட் என்ற உணர்வு அவர்கள் காதில் நன்றாக ஊறியிருந்தால்தான் அது நடந்திருக்கும்.