பசி கேட்காவிட்டாலும் சாப்பிடுங்கள்

எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளே, உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். கல்லூரியில் மனையியல் மாணவிகளுக்குச் சத்துணவுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மவுஞ்சாரோ என்ற ஊசி 2025 மார்ச்சிலும், வெகோவி என்ற ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இப்போது எங்கள் உறவிலேயே சிலர் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் சொல்லத்தான் தயங்குகிறார்கள். "வாயைக் கட்ட முடியாம ஊசியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து சாப்பிடுகிறவரை நாம் குறை சொல்கிறோமா? உடல் பருமனும் நோய்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இந்த மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும். சாப்பாடு உள்ளே போனதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். போதும் என்று மூளைக்குச் சொல்வதும், இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. இயற்கையாகச் சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசியில் வரும் மருந்தோ வாரம் முழுக்க அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். பசி அடங்கிப்போகும். உடம்புக்கு வேண்டிய புரதமும் இரும்பும் கால்சியமும் மட்டும் முன்பு போலவே வேண்டும்.

என் தங்கை மகள் காலையில் ஒரு காபியோடு நிறுத்திக்கொள்வாள். மதியம் நாலு வாய் சாம்பார் சாதம், ராத்திரி பாதி தோசை. "பசிக்கவே இல்ல பெரியம்மா, நிம்மதியா இருக்கு" என்றாள். எடை இறங்கியது. கூடவே சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். அவளிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

எடை இறங்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. குறைகிற எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத எடை என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதில் தசையும் அடக்கம். நம்மவர்களுக்குத் தசை முதலிலேயே குறைவு. இருபத்தைந்து வயதில் அது போனால் பெரிதாகத் தெரியாது. என் வயதில் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது தெரியும்.

தசையைக் காக்கப் புரதம் வேண்டும், நம் சாப்பாட்டு முறையோ அதற்கு உதவுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2025-இல் வெளியானது. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும், 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது என்றது அது. நம் இலையைப் பாருங்கள். முதலில் இனிப்பு, பிறகு சாதம் சாம்பார், சாதம் ரசம், கடைசியில் மோர். கூட்டும் பொரியலும் தொட்டுக்கொள்ள ஓரமாக. பசித்த வயிறு எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது, வரிசை ஒரு பொருட்டாக இல்லை. ஊசி போட்ட வயிறு ஏழெட்டு வாயில் நிறைந்துவிடும். அந்த ஏழெட்டு வாயும் சாம்பார் சாதமாகவே போனால் அன்றைக்குப் புரதம் ஏது?

அதனால் வரிசையை மாற்றுங்கள். தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, சுண்டல், பனீர், கெட்டிப் பருப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று. அதை முடித்துவிட்டுக் காய். இடம் இருந்தால் சாதம். என் தங்கைக்கு இது மனசே ஒப்பவில்லை. "சோறில்லாம என்ன சாப்பாடு?" என்றாள். சோறு வேண்டாம் என்று யார் சொன்னது? கடைசியில் ஒரு கரண்டி போதும்.

எவ்வளவு புரதம் வேண்டும்? எடை குறையும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். இலக்கு எடை 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 72 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம். நூறு கிராம் மீனில் சுமார் 20. நூறு கிராம் பனீரில் 18. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 தேறும். இட்லி ஒன்றில் 2 கிராம்தான். கணக்குப் போட்டாலே தெரியும், ஒரே வேளையில் இதைச் சாப்பிட முடியாது. காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு, ராத்திரி ஏழரை என்று கடிகாரம் பார்த்துச் சின்னச் சின்னதாகச் சாப்பிடுங்கள். சைவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். மீல்மேக்கரும் தயிரும் கைகொடுக்கும். பி12 அளவை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

பசியோடு தாகமும் குறைந்துவிடும், அதைப் பலர் கவனிப்பதில்லை. தலைசுற்றலுக்கும் மலச்சிக்கலுக்கும் அதுவும் ஒரு காரணம். மோர், ரசம், இளநீர் என்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சாப்பிடும்போது சொம்பு நிறையக் குடித்தால் இருக்கிற இடமும் போய்விடும். வாழைத்தண்டு, கீரை, கொய்யா தினமும் ஏதாவது இருக்கட்டும். பூரி, பஜ்ஜி, பரோட்டா சால்னா எல்லாம் மெதுவாகக் காலியாகும் இரைப்பையில் நெடுநேரம் கிடந்து குமட்டும், ஏப்பம் நாறும். டோஸ் கூட்டிய வாரத்தில் குமட்டல் அதிகமாக இருக்கும். அப்போது பாசிப்பருப்புக் கஞ்சி, தயிர், வேகவைத்த முட்டை போதும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்துவது நமக்குப் பிரியத்தின் அடையாளம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கரண்டி வாந்தியில் போய் முடியும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தசை நிற்பதற்குச் சாப்பாடு மட்டும் போதாது. நடை நல்லது, ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்குவதோ, நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதோ வேண்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வெகோவியில் உள்ள செமாக்ளூடைடு என்ற மருந்தைப் பற்றி 2021-இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பசி திரும்பி வரும். வரும்போது உங்களுக்கு ஒரு சாப்பாட்டுப் பழக்கம் கையில் இருக்க வேண்டும். பசி அடங்கியிருக்கும் இந்தக் காலம்தான் அதைப் பழக நல்ல காலம். கண்டதைத் தின்னும் ஆசை அடங்கியிருக்கிறதே, இந்த வசதி எங்கள் தலைமுறைக்குக் கிடைத்ததில்லை.

முதுகுவரை பரவும் கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், செமாக்ளூடைடை இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தோழி போட்டு மெலிந்தாள் என்று சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் இந்த ஊசியை வாங்காதீர்கள்.