புகைப்பழக்கம்: இல்லை

அம்மாவை முதன்முதலாக நெஞ்சக நோய் மருத்துவரிடம் அழைத்துப்போன அன்று படிவத்தை நிரப்பியது நான்தான். பெயர், வயது, முகவரி. அடுத்து 'தொழில்' என்றிருந்தது. 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'புகைப்பழக்கம்'. ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். யோசிக்கவே இல்லை, 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், சொற்களைப் பற்றி இருபது வருடமாக வகுப்பெடுப்பவள். அந்த இரண்டு பதிலில் என்ன செய்தேன் என்று புரிய எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

அப்பா மாமல்லபுரத்தில் கல்தச்சர். ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பட்டறையில் கருங்கல் அடித்தார். கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது உளிகளையாவது பழுக்கக் காய்ச்சி, முனை தட்டி, தண்ணீரில் தோய்த்து எடுக்க வேண்டும். அதற்கு எங்கள் வீட்டுப் பின்கட்டில் சின்ன உலை இருந்தது. விடியற்காலை நான்கரைக்கு அப்பா இடுக்கியைப் பிடிப்பார். அம்மா காற்றுச் சக்கரத்தைச் சுற்றுவாள். கரி மூட்டையை உடைத்துச் சலிப்பதும் அவள்தான். சலித்து மிஞ்சிய தூளையும் எறியமாட்டாள். சாணியோடு பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைத்து வெந்நீர் அடுப்புக்கு வைத்துக்கொள்வாள். உலை அணைந்ததும் சமையல் அடுப்பு. கொக்கிலமேட்டுப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் பொறுக்கிய மிளாறு, தென்னம்பாளை, வரட்டி. ஊதாங்குழலை வாயில் வைத்தபடி குனிந்திருக்கும் முதுகு. அம்மா என்றதும் என் நினைவுக்கு முதலில் வருவது முகமல்ல, அந்த முதுகு.

அப்பா இருமி இருமித்தான் 2009இல் போனார். கல் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது என்று ஊரே சொன்னது. தினக்கூலிக்காரருக்கு இழப்பீடு என்று ஒரு ரூபாய் வரவில்லை. ஆனால் காரணம் கிடைத்தது. சாவு வீட்டில் வந்தவர்களெல்லாம் அவர் செதுக்கிய சிலைகளைப் பற்றிப் பேசினார்கள். 2015இல் உலகக் கைவினைக் கழகம் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக அறிவித்தபோதும், 2017இல் இந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் எங்கள் சொந்தக்காரர்கள் அவரை நினைத்துக்கொண்டார்கள். அம்மாவும் அதே வீட்டில் அதே வருடங்களில் இருமினாள். அது 'சளி'. பிறகு 'வயசாயிடுச்சு'.

அப்பா போனபின் அம்மா செங்கல்பட்டில் என்னோடு வந்துவிட்டாள். மாடிப்படி நான்கு ஏறினால் நின்றுவிடுவாள். இருமல் நிற்கவில்லை, எடை இறங்கியது. எக்ஸ்ரே பார்த்த ஒரு மருத்துவர் காசநோயாக இருக்கலாம் என்றார். சளியில் கிருமி தெரியவில்லை. இருந்தும் மாத்திரை தொடங்கினார்கள். அன்றே அம்மா தனக்கென்று ஒரு தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. தனியாகக் கழுவியும் வைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. கூசினாலும் எழுதத்தான் வேண்டும்.

மாத்திரையில் மாற்றம் இல்லாததால் வேறோர் இடத்தில் மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மருத்துவர் என்னைத் திரைக்கு முன்னால் அழைத்துக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சுவரில் திட்டுத்திட்டாகக் கறுப்பு. எங்கள் பழைய அடுப்படிச் சுவரைச் சின்னதாக்கி உள்ளே ஒட்டிவைத்ததுபோல இருந்தது. "நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்தாங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், வீட்லதான் இருந்தாங்க" என்றேன்.

அவர் சொன்ன பெயர் ஆந்த்ரகோஃபைப்ரோசிஸ். 'ஆந்த்ராக்ஸ்' என்றால் கிரேக்கத்தில் கரி. புகையிலிருக்கும் மிக நுண்ணிய துகள்கள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கோ தொண்டையோ அவற்றைத் தடுக்க முடியாது. நுரையீரலின் காவல் அணுக்கள் அவற்றை விழுங்கும். ஆனால் கரியைச் செரிக்க முடியாது. விழுங்கிய கறுப்போடு அவை அங்கேயே தங்கும், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் போய்ச் சேரும். வருடக்கணக்கில் இப்படிச் சேர்ந்தால் கணுக்கள் வீங்கும், தழும்பு விழும், மூச்சுக்குழல் இறுகிச் சுருங்கும். படத்தில் காசநோய் போலவே தெரிவதால் பல பெண்கள் காசநோய் மாத்திரையைத் தின்கிறார்கள். உண்மையிலேயே காசநோய் சேர்ந்து வருவதும் உண்டு.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கை பகுதியில் சுரங்கத்துக்கே போகாத கிராமத்துப் பெண்களின் நுரையீரலில் சுரங்கத் தொழிலாளியின் கறுப்பைக் கண்ட மருத்துவர்கள், 1991இல் அதைக் 'குடிசை நுரையீரல்' என்று எழுதினார்கள். அந்தப் பெண்கள் குடிசைக்குள் விறகு எரித்தார்கள், கல்லில் சோளம் அரைத்தார்கள். தமிழ்நாட்டிலேயே 45 கிராமங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட, புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருந்தவர்களிடம் மூச்சடைப்பு நோய் கூடுதலாக இருந்தது. வீட்டுக்குள் எரியும் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் அதில் இருந்தன. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, 1969இல் 'கறுப்பு நுரையீரலுக்கு' இழப்பீடு தரும் சட்டமே வந்தது. அவர்கள் போராடிப் பெற்றார்கள், பெற வேண்டியதுதான். ஆனால் தொழில்நோய் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் முதலில் தொழில் இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தொழில் இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தினம் மூன்று மணி நேரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், நாற்பது வருடத்தில் 43,800 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாக்கினால் 5,475 ஷிப்ட். வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் பதினெட்டு வருடச் சுரங்க வேலை. சம்பளம் இல்லை, வார விடுமுறை இல்லை, பிள்ளை பெற்றதற்கும் விடுப்பு இல்லை.

குறுந்தொகையின் 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது. வருடா வருடம் அதை நடத்துகிறேன். புதிதாகக் குடித்தனம் போன பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணை நிறைக்க, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் சுவைத்து உண்கிறான். அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி. அதைக் கண்டுவந்த செவிலி பெற்றவளிடம் சொல்கிறாள். எவ்வளவு நுட்பம் என்று நான் வியந்து பாடம் நடத்தாத வருடமே இல்லை. பாட்டின் அழகு இப்போதும் குறையவில்லை. ஆனால் அந்தப் புகை கண்ணோடு நின்றுவிட்டதா என்று இந்த வருடம் வகுப்பில் கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "எங்க வீட்ல இன்னும் காலையில நான்தான் மேடம் அடுப்பு பத்த வைக்கிறேன்" என்றாள். அவள் திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்திலிருந்து வருபவள்.

"காஸ் இல்லையா?" என்றேன். இருந்தது. எங்கள் வீட்டிலும்தான் இருந்தது. 2006இல் வந்த தி.மு.க. அரசு கொடுத்த இலவச அடுப்பு டீக்கும் விருந்தாளிக்கும் மட்டும் எரிந்தது. சிலிண்டருக்குக் காசு வேண்டும், மிளாறுக்கு வேண்டாம். பொறுக்கிவரும் அம்மாவின் நேரத்துக்கு யாரும் விலை போடவில்லை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் வீட்டுப் பெண்ணின் பெயரிலேயே இணைப்புத் தருகிறது. இணைப்பு அவள் பெயரில். அடுத்த சிலிண்டருக்கான காசு யார் கையில் என்பதுதான் கேள்வி. வீட்டில் எந்தச் செலவு அவசியம் என்று முடிவுசெய்பவர் நுரையீரலில் புகை போவதில்லை.

போன மாதம் மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். புதுப் படிவம் கொடுத்தார்கள். 'தொழில்' என்ற இடத்தில் 'உலை ஊதுதல், கரி சலித்தல், விறகடுப்புச் சமையல்' என்று எழுதினேன். 'புகைப்பழக்கம்' கட்டங்களுக்குப் பக்கத்தில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினேன்: 'அடுப்புப் புகை, 1968 முதல் 2009 வரை, 41 ஆண்டு.' கணினியில் பதிந்த பெண் படித்துவிட்டு, "இதெல்லாம் போட காலம் இல்லையேம்மா" என்றார். திரையில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்றுதான் விழுந்தது. அவர்மேல் தப்பில்லை. தாளையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சேர்த்தார்.

காத்திருந்த பெஞ்சில் அம்மா இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டு, "அவ்ளோ நேரமா இன்னாடி எழுதின?" என்றாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், வருடக் கணக்கு வந்ததும் கையை ஆட்டி நிறுத்தினாள். இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"நாப்பத்தொண்ணு தப்பு. எங்கம்மா ஊட்ல ஒம்போது வயசுல அடுப்புல குந்த வெச்சாங்க. கண்ணாலத்துக்கு முன்ன எட்டு வருசம் உட்டுட்ட. திருத்தி எழுது."